சட்டைப் பையில் இருந்த அட்டை

இந்த வாசகர் வட்டத்தில் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பேசிய பேராசிரியருக்குத் தலைவர் ஐயா மூன்று தடவை மணி அடித்ததைப் பார்த்தவன் நான். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் அண்ணன் இதே மதுரையில் 28 வருடம் பஸ் கண்டக்டர். காலையில் ஏறினால் இரவு இறங்கும்வரை பேச்சுதான். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க, சில்லறை குடுங்க." வீட்டுக்கு வந்தும் அதே குரல்தான், மதினி காதைப் பொத்திக்கொள்ளும். அந்த மனிதர் ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் தளர்ந்தன. அவற்றோடு பேச்சும் போனது.

எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். தண்ணீர் டம்ளரைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பதில் வராது. உதடு துடிக்கும், கண் கலங்கும். ஆனால் "பெரியார்" என்று நாம் எடுத்துக் கொடுத்தால் போதும், "சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம்" என்று ஸ்டாப் வரிசை கடகடவென்று வந்து விழும். டாக்டர் விளக்கினார். எண்களை வரிசையாகச் சொல்வது, மனப்பாடப் பாட்டு, கெட்ட வார்த்தை, இவையெல்லாம் பெரும்பாலும் தங்கிவிடுமாம். (சிரிக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நாங்களும் சிரித்தோம், அழுதுகொண்டேதான்.) யோசித்துச் சொல்ல வேண்டிய சொல்தான் சிக்கிக்கொள்ளும். இதற்கு அஃபேசியா என்று பெயர்.

இது புதிய நோய் அல்ல. பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 21 வருடம் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். மருத்துவமனையில் அவருக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. பிறர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும். தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு தெளிவாக வரும். 1861-இல் அவர் இறந்த பிறகு பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைப் பார்த்து, இடப்பக்க முன்பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். மருத்துவம் கண்டுகொண்டு 160 வருடத்துக்கு மேல் ஆகிறது. தெருமுனைக்கு இன்னும் சேதி வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அண்ணன் காலை இழுத்து இழுத்து டீக்கடைக்குப் போகிறார். ரோந்து வண்டி நிற்கிறது. "பேரென்ன?" அண்ணன் சொல்கிறார், "சிம்மக்கல்." "எந்த ஊரு?" "கோரிப்பாளையம்." நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது, பதில் ஏறுக்குமாறாக வருகிறது. அந்த இரண்டு பேருக்கும் என்ன தோன்றியிருக்கும்? தண்ணி போட்டிருக்கிறார் என்றுதான். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் எனக்கு வழக்கு இல்லை. இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அண்ணன் சட்டைப் பையில் அரசாங்கம் கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டை இருந்தது. எடுத்தும் காட்டியிருக்கிறார். வாங்கிப் பார்த்தவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசுக்காரர் ஒருவர் பேப்பரும் பேனாவும் நீட்டி, "பேச வராட்டி எழுதுங்க பெரியவரே" என்றிருக்கிறார். அஃபேசியா பெரும்பாலும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கடைசியில் டீக்கடைக்காரர் தேடிக்கொண்டு வந்து, "இவரு நம்ம கண்டக்டருங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இருந்த மதிப்பு அந்த அட்டைக்கு இல்லை.

ஏன் இல்லை? நான் இங்கே வந்தது அதைப் பேசத்தான்.

1995-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழே ஏழு குறைபாடுகள். காது கேளாமை இருந்தது. பேச்சு தனியாக இல்லவே இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருப்பது, அதை 21 ஆக்கியது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்று தனி வகை வந்தது. குரல்வளை எடுக்கப்பட்டவர்களையும் அஃபேசியா வந்தவர்களையும் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆட்டிசமும் சேர்ந்தது. இது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன்.

அட்டையும் வந்தது. நாடு முழுக்கச் செல்லும் தனித்துவ அடையாள அட்டை, பதினெட்டு இலக்கத்தில் ஓர் எண். 2024-இல் விதியைத் திருத்தி நிறமும் கொடுத்தார்கள்: 40 விழுக்காட்டுக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். முகாமில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சே விழுக்காடுதான். "உங்களுக்கு எவ்வளவு போட்டாங்க?" "அறுபது." "எனக்கு முப்பத்தஞ்சுதான், ஒண்ணும் கிடைக்காது." ரயில் சலுகையைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. காதும் முழுக்கக் கேட்கக் கூடாது, வாயும் பேசக் கூடாது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால்தான் உண்டு. அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும். அது அவர் செய்த தப்பு!

எத்தனை விழுக்காடு என்று அட்டை சொல்கிறது. இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது என்று அதில் ஒரு வரி கிடையாது.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. வர்ஜீனியாவில் 2014 முதல், ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர் விரும்பினால், மருத்துவர் சான்றோடு தன் ஓட்டுநர் உரிமத்திலோ அடையாள அட்டையிலோ ஒரு குறியீடு போட்டுக்கொள்ளலாம். டெக்சாஸில் காவலரோடு பேசுவதில் சிரமம் உண்டு என்பதையே உரிமத்தில் குறிக்கலாம். 2019-இல் இன்னொரு படி ஏறினார்கள். வண்டியைப் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லி வைக்கலாம். போலீஸ்காரர் காரை நிறுத்தி, நம்பரைக் கணினியில் தட்டும்போதே தெரிந்துவிடும். காரை நோக்கி நடந்து வருவதற்கு முன்னால் தெரிந்துவிடும் என்பதுதான் முக்கியம். துப்பாக்கி வைத்திருக்கும் ஊர் அது. ஓட்டுபவர் தயங்கினாலோ, பதில் சொல்லாமல் கையை எங்காவது கொண்டுபோனாலோ என்ன ஆகும் என்ற பயம் அங்கே நிஜமான பயம்.

அதை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. அங்கே எல்லாம் காருக்குள் நடக்கிறது. நம் ஆட்கள் நடந்து போகிறவர்கள், டவுன் பஸ்ஸில் போகிறவர்கள். நமக்குச் சிக்கல் வருவது பேங்க் கவுண்டரில், ரேஷன் கடையில், ஸ்டேஷன் பெஞ்சில்.

இப்படி ஒரு குறிப்பு நம் அட்டையிலும் வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குத் திக்குவாய். எடுத்த எடுப்பில், "மாமா, என் திக்கலை எதுக்கு அட்டையில அச்சடிக்கணும்? நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது, ஆனால் சொல்லி முடித்தாள். அவள் சொன்னது நியாயம். முத்திரை குத்துவது வேறு, உதவி கேட்பது வேறு. அதனால்தான் விரும்பினால் மட்டும் என்ற சொல் சட்டத்தில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடவும் வழி வேண்டும். இன்னொன்று, நம் சட்டத்தின் சொற்களைப் படித்தால், உடல் அல்லது நரம்புக் காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று இருக்கிறது. திக்குவாய் அதற்குள் எங்கே நிற்கிறது என்று அவள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, டீ சொன்னேன்.

விழுக்காடு பற்றி ஒரு சேதி. கை எழுத வராமல் இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஓர் இளைஞர், தேர்வெழுத எழுத்தர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருடைய சான்றிதழில் இருந்தது ஆறு விழுக்காடு. 40 இல்லையே என்றார்கள். 2021-இல் நீதிமன்றம், நியாயமான வசதி செய்து கொடுப்பதற்கு 40 என்ற கோடு தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பொறுமையாகக் கேட்பதற்கு மட்டும் எத்தனை விழுக்காடு வேண்டும்?

நீதிமன்றக் கூண்டில் நிலைமை எவ்வளவோ மேல். பழைய சாட்சியச் சட்டத்தில் 'ஊமைச் சாட்சி' என்று ஒரு பிரிவு இருந்தது. 2013-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வாயால் பேச இயலாத சாட்சி என்று மாற்றினார்கள். இன்றைய சட்டத்திலும் அப்படித்தான். அவர் எழுதிக் காட்டினாலும் சைகை காட்டினாலும் அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். அதாவது என் அண்ணன் நீதிபதி முன்னால் தலையாட்டினால் அது பேச்சு. ரோந்து வண்டி முன்னால் தலையாட்டினால் அது போதை.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஒரு அதிகாரம் வைத்தார். குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு வைத்தார், ஒன்று அரசவைக்கு, ஒன்று காதலுக்கு. மேடையில் நாமெல்லாம் சொல்வன்மையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நானும்தான்.

மணி எடுத்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன்.

இப்போது அண்ணன் பையில் இரண்டு அட்டை. இரண்டாவது, மதினி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி லேமினேஷன் போட்டுக் கொடுத்தது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "எனக்குக் காது கேட்கும். நீங்கள் சொல்வது புரியும். பதில் வராது. ஆமா, இல்லை என்று சொல்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். எழுதச் சொல்லாதீர்கள். நான் குடிக்கவில்லை." கீழே ஒரு போன் நம்பர். காது கேளாதவர் அட்டையில் வேறு வரி வரும், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அட்டையில் "தொடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்" என்று வரலாம். அவரவரோ வீட்டாரோ சொல்லட்டும், அரசு முத்திரை மட்டும் போடட்டும்.

அந்த வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். இரண்டு கோரிக்கை. ஒன்று, விரும்புகிறவர்களுக்கு இப்படி ஓர் இணைப்பு அட்டையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமே முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். அட்டையிலேயே அந்த வரிகள் வரும்படி விதியைத் திருத்த மேலே எழுத வேண்டும். இரண்டு, போலீஸ்காரர்களின் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பாடமாக இருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது; அதை நம் மாவட்டத்து ஸ்டேஷன்களில் நடத்திக் காட்ட வேண்டும்.

டீ குடிக்கப் போகும் வழியில்தான் மேசை. முதல் கையெழுத்து கொஞ்சம் கோணலாக, கோட்டைத் தாண்டி இருக்கும். அண்ணன் இடது கையில் போட்டது. உங்கள் கையெழுத்துகளை அதற்குக் கீழே போடுங்கள்.