கிணத்துல கத்துக்கிட்டது பாதி: ஸ்கூபா கிளாசுக்கு முன்னாடி எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் நம்ம எபிசோட் கேக்கறவர் ஒருத்தர் திருப்பூர்ல இருந்து மெசேஜ் பண்ணியிருந்தார். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து புதுச்சேரியில ஓப்பன் வாட்டர் கோர்ஸ் புக் பண்ணிட்டாங்களாம். "கிளம்பறதுக்குள்ள ஃபுல் கிட் வாங்கிரலாம்னு இருக்கோம், எது நல்ல பிராண்டுங்க?"ன்னு கேட்டிருந்தார்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஃபுல் கிட் வேண்டாம். மாஸ்க் மட்டும் வாங்குங்க. மத்ததெல்லாம் வாடகை. ஏன்னு இனி விளக்கறேன்.

நம்ம ஊர்ல நீச்சல் கத்துக்கிட்ட பாதிப் பேருக்குக் கிணறுதான் ஸ்கூல். எனக்கும் அப்படித்தான். அன்னூர் பக்கம் அப்புச்சி தோட்டத்துக் கிணறு. இடுப்புல காலி கேனைக் கட்டி இறக்கி விட்டாங்க, ஒரு வாரத்துல கேனைக் கழட்டிட்டாங்க. அப்புறம் மோட்டார் ரூம் மேல இருந்து குதிக்கறது, அடியில போட்ட காசை எடுத்துட்டு வர்றதுன்னு லீவு பூரா அங்கயேதான். ஒரு லீவுக்கு ஊர்ல இருந்து சாதாரண நீச்சல் கண்ணாடி வாங்கிட்டுப் போனேன். அதைப் போட்டுக்கிட்டு அடிவரைக்கும் போனா, கண்ணைச் சுத்திப் பிடிச்சு இழுக்கற மாதிரி ஒரு வலி. மேல வந்தப்ப ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருந்துச்சு. அம்மிச்சி பார்த்துட்டு மெட்ராஸ் ஐன்னு முடிவு பண்ணி, என்னைத் தனி ரூம்ல படுக்க வச்சுட்டாங்க.

காரணம் என்னன்னு ஸ்கூபா தியரி கிளாஸ்லதான் புரிஞ்சுது. கடல்மட்டத்துல நம்ம மேல இருக்கிற அழுத்தம் 1 பார். தண்ணியில ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 1 பார் கூடும். கிணத்துல 15 அடி தண்ணின்னா ஏறக்குறைய 4.5 மீட்டர், அங்க அழுத்தம் 1.45 பார். கண்ணாடிக்குள்ள இருக்கற காத்து மூணுல ஒரு பங்கு சுருங்கிடும். அந்த இடத்தை ஏதாவது நிரப்பணுமே. அதனால கண்ணும், சுத்தியிருக்கற ரத்தக்குழாய்களும் உள்ள இழுபடுது.

ஸ்கூபா மாஸ்க்ல மூக்கும் உள்ள இருக்கறது இதுக்காகத்தான். இறங்கும்போது மூக்கு வழியா கொஞ்சம் காத்து விட்டா உள்ள அழுத்தம் சமமாயிடும். மாஸ்க்குக்கு வெளியில இருந்தே மூக்கைப் பிடிச்சுக் காதையும் சரி பண்ணிக்கலாம். ஆக, நீச்சல் கண்ணாடி ஸ்கூபாவுக்கு ஆகாது. முழு முகத்தையும் மூடற ஸ்னார்க்கல் மாஸ்க்னு ஒண்ணு விக்கறாங்க பாருங்க, அதுவும் ஆகாது. அது தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டே பார்க்கறதுக்கு.

சரி, மாஸ்க்கை எப்படித் தேர்ந்தெடுக்கறது? நான் பண்ண தப்புல இருந்து ஆரம்பிக்கறேன். ஆன்லைன்ல நட்சத்திரத்தை எண்ணி, பார்க்க ஜம்முன்னு இருக்கற ஒண்ணை வாங்கிட்டேன். முதல் நாள் நீச்சல்குளப் பாடத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி உள்ள வந்துச்சு. ஸ்ட்ராப்பை இறுக்கினேன், இன்னும் அதிகமா வந்துச்சு. மூக்குல தண்ணி ஏறின உடனே மூளை "மேல போ"ன்னு கத்துச்சு. நானும் எழுந்திரிச்சுட்டேன்.

அங்கதான் ஆபத்தே. சிலிண்டர் காத்தை இழுத்து மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா, நுரையீரல்ல இருக்கற காத்து விரியும், நுரையீரல் கிழியக்கூட வாய்ப்பு இருக்கு. இதுக்குப் பெரிய ஆழம் வேண்டியதில்ல, நீச்சல்குள ஆழமே போதும். ஸ்கூபாவோட முதல் விதியே 'மூச்சை அடக்காதே'ங்கறதுதான். கிணத்துல நம்ம கத்துக்கிட்டதுக்கு நேர் எதிர். அன்னிக்கு இன்ஸ்ட்ரக்டர் என் தோளைப் பிடிச்சு நிறுத்தினார். அப்புறம் தன் பெட்டியில இருந்து பழைய மாஸ்க் ஒண்ணைக் குடுத்தார். ஒரு சொட்டு வரல. பிராண்டு காரணமில்லைங்க. என் முகத்துக்கு அது பொருந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால கடைக்கு நேர்ல போங்க. ஸ்ட்ராப்பை மாட்டாம மாஸ்க்கை முகத்துல வைங்க. மூக்கால லேசா காத்தை உள்ள இழுங்க. கையை எடுத்தா அது விழாம ஒட்டிக்கிட்டு நிக்கணும். தலைமுடி ஒண்ணு கூட ஓரத்துல மாட்டியிருக்கக் கூடாது. வாயில ரெகுலேட்டர் இருக்கற மாதிரி உதட்டைக் குவிச்சும் பாருங்க. மூக்குப் பாலத்துல குத்துதான்னு கவனிங்க. விளிம்பு மெத்துன்னு இருக்கற சிலிக்கான், கண்ணாடி டெம்பர்டு கிளாஸ், இது ரெண்டும் கட்டாயம். மீசைக்காரங்களுக்கு ஒரு சேதி: மூக்குக்குக் கீழ ஒரு கோடு அளவுக்கு டிரிம் பண்ணினா கசிவு நல்லாவே குறையும். மீசையை எடுக்கச் சொல்லலைங்க, பயப்படாதீங்க.

பவர் கண்ணாடி போடறவங்க அதை மாஸ்க்குக்குள்ள போட முடியாது, காது வரைக்கும் போற கம்பி விளிம்பைத் தூக்கிடும். பவர் லென்ஸ் வச்ச மாஸ்க் இருக்கான்னு டைவ் சென்டர்ல முன்கூட்டியே கேளுங்க.

புது மாஸ்க் கண்ணாடியில தயாரிப்புப் படலம் ஒண்ணு இருக்கும். உள்பக்கம் சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும், இல்லைன்னா பனி மூட்டமாவே இருக்கும். கோட்டிங் போட்ட கண்ணாடின்னா மட்டும் கூட வர்ற தாளைப் படிச்சுட்டுப் பண்ணுங்க.

மத்த சாமான்களை வேகமா பார்த்துரலாம். துடுப்பு, அதாவது ஃபின்ஸ், ரெண்டு வகை. செருப்பில்லாம கால் முழுக்க நுழையறது ஒண்ணு, பூட்டி போட்டு குதிகால்ல வார் மாட்டறது இன்னொண்ணு. இப்போதைக்கு வாடகை போதும், விரல் மடங்காம இருந்தா சரி. டிரெஸ்ஸுக்கு முழுக்கை ரேஷ் கார்டு ஒண்ணு வாங்கிக்கலாம், வெயிலுக்கும் உரசலுக்கும் ஆகும். நம்ம பக்கத்துக் கடல் வெதுவெதுப்பாத்தான் இருக்கும். ஆனா தண்ணி காத்தை விட 20 மடங்குக்கும் மேல சூட்டைக் கடத்தும், முக்கால் மணி நேரத்துல குளிர ஆரம்பிச்சிரும். அதனால வெட்சூட் குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க.

ரெகுலேட்டர், பி.சி.டி. ஜாக்கெட், சிலிண்டர் எதையும் இப்ப தொடாதீங்க. ஒழுங்கா சர்வீஸ் பண்ணணும், கோயம்புத்தூர்ல பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினா கெட்டுத்தான் போகும். கோர்ஸ்ல கடல் டைவ் நாலுதான், அதிகபட்சம் 18 மீட்டர். அந்த நாலு டைவ்ல பிடிச்சுதான்னு பார்த்துட்டு அப்புறம் யோசிக்கலாம்.

காசை மிச்சம் பண்ணிட்டீங்களா, அதை டாக்டருக்குக் குடுங்க. மெடிக்கல் ஃபார்ம்ல ஆஸ்துமா, காது ஆபரேஷன்னு கேட்டிருந்தா மறைக்காதீங்க. நீச்சல் டெஸ்ட்டும் உண்டு: 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். கிணத்துல வட்டம் அடிச்சவங்களுக்கு மிதக்கறது பிரச்சனையில்லை, 200 மீட்டர் மூச்சு வாங்கும். இப்பவே பழகுங்க.

கடைசியா நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒண்ணு. டைவ் முடிச்ச உடம்புல நைட்ரஜன் தங்கியிருக்கும், அது மெதுவாத்தான் வெளியேறும். அதனால பல டைவ் பண்ணவங்க குறைஞ்சது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாதுன்னு சொல்வாங்க. விமானத்துக்குள்ள அழுத்தம் அதிகபட்சமா 2,400 மீட்டர் உயரத்துல இருக்கற மாதிரி இருக்கும். ஊட்டி எவ்வளவு உயரம்? ஏறக்குறைய 2,240 மீட்டர். வித்தியாசமே இல்ல பாருங்க. "திரும்பற வழியில ஏற்காடு பார்த்துட்டு, அப்படியே ஊட்டிக்கு"ன்னு பிளான் போட்டிருந்தீங்கன்னா, அதைக் கோர்ஸுக்கு முன்னாடி வச்சுக்கோங்க. கார்ல போனாலும் மலை மலைதான்.

திருப்பூர் நண்பரே, நாலு பேரும் ஒரே மாடல் மாஸ்க் வாங்காதீங்க, நாலு முகம் நாலு விதம். போய்ட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். வர்றேனுங்க.