கரண்ட் பைக்கும் கையில் இருக்க வேண்டிய கடதாசியும்

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன தவணை என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அவளுடைய அண்ணன் சீட்டுக் காசை எடுத்து ஒரு கரண்ட் பைக் வாங்கியிருக்கிறார். "இதுக்கு நம்பரும் வேண்டாம், லைசனும் வேண்டாம்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஏ9 வீதியில் பொலிசார் மறித்தபோது காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வண்டி பொலிஸ் நிலையத்தில் நிற்கிறது. அண்ணன் நீதிமன்றத்துக்கு அலைகிறார். அம்மா வேலைக்குப் போனால் சின்னத் தம்பியைப் பார்க்க ஆளில்லை. அதனால் பிள்ளை வீட்டில் நின்றுவிட்டாள்.

பைக் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றதை நாம் மறக்கவில்லை. வீட்டுக் கரண்டில் ஓடும் வண்டி நமக்கு நல்லதுதான். ஆனால் சட்டம் தெரியாமல் வாங்கினால் சேமித்த காசு வீதியில் போய்விடும்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வண்டி பெற்றோலில் ஓடுகிறதா, பற்றரியில் ஓடுகிறதா என்பது அங்கே கேள்வியல்ல. வீதியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டு, இயந்திரத்தால் இயங்கினால் அது மோட்டார் வாகனம். சத்தமும் புகையும் இல்லை என்பதால் அது துவிச்சக்கர வண்டி ஆகிவிடாது.

ஆகவே மின்சார மோட்டார் சைக்கிளுக்கு நான்கு கடதாசிகள் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம். புகைப் பரிசோதனை மட்டும் இதற்கு இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினால் அவர் மட்டுமல்ல, ஓட்ட விட்டவரும் குற்றவாளி. தண்டம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அது பதினெட்டு நாள் உழைப்புக்கும் மேல்.

மிதிக்கும் சைக்கிளில் மோட்டார் பூட்டியது என்று கடைக்காரர் சொன்னால், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். காசு கொடுக்க முன்னர் அந்த மாதிரியின் விபரத்தை எழுதி வாங்கி, திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். பதிவு வேண்டிய வண்டியைப் பதிவு செய்து தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் போட வேண்டும். பின்னால் ஒருவர்தான். தகப்பன், தாய், நடுவில் பிள்ளை என்று மூவர் போவது நம் வழக்கம். அது சட்டப்படி குற்றம். 2014 இல் பளைக்கு ரயில் திரும்பி வந்தது. படலை இல்லாத கடவையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். உங்கள் வண்டி சத்தம் போடாது என்பதால், முன்னால் நடந்து போகிற ஆச்சிக்கும் நீங்கள் வருவது கேட்காது. ஹோர்ன் அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இனி தொழிலாளியாக நீங்கள் அறிய வேண்டியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி நீங்கள் மோதிய மற்றவருக்குத்தான் உதவும். உங்கள் கால் முறிந்தால் உதவாது. ஆனால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் இப்போது நட்டஈடு கேட்கலாம். உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாய். விபத்து நடந்தால் பொலிசில் முறைப்பாடு போடுங்கள், வைத்தியசாலைத் துண்டை வைத்திருங்கள், அன்றைக்கே சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள். உங்கள் கடதாசிகள் ஒழுங்காக இருந்தால் நாம் தலைநிமிர்ந்து வாதாடலாம்.

அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்கு வருகிறாள். அண்ணன் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள். பாடசாலை விட்ட பிறகு சேர்ந்து நிரப்புவோம்.