கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி: போட்ட பிறகும் வரணும்

(சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை முகாமில் கண் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து போட்டிருக்கோம், அதனால என் முகமே உங்களுக்கு மங்கலாத்தான் தெரியும். தெளிய சில மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு விஷயம் பேசிடுவோம்.

"கண்ணுக்குள்ள ஊசி போடணும்னு சொல்றாங்க டாக்டர், அதுவும் ஸ்டீராய்டாம். போட்டுக்கலாமா?" இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன்.

கண்ணோட பின்பக்கம் விழித்திரைன்னு ஒரு மெல்லிய படலம் இருக்கு. சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டுல இல்லாம போனா, அதுல இருக்கிற பொடி ரத்தக்குழாய்கள் அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய் வேணும்னு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். வி.இ.ஜி.எஃப்-னு அதுக்குப் பேர். புதுக் குழாய்களும் முளைக்கும். ஆனா அதெல்லாம் சொத்தைக் குழாய், கசியும், உடையும். நடுப் பார்வைப் பகுதியில நீர் கோத்தா எழுத்து மங்கும். வயசானவங்களுக்குச் சர்க்கரை இல்லாமலேயே விழித்திரைக்கு அடியில இப்படிக் குழாய் முளைக்கிறதும் உண்டு.

ஸ்டீராய்டு இங்க என்ன செய்யுது? அழற்சியை அடக்கும், அந்த ரசாயனத்தைக் குறைக்கும், குழாய்ச் சுவரை இறுக்கிக் கசிவை நிறுத்தும். ஆனா முளைச்ச குழாயை அது மட்டுமே ஒழிச்சிடாது. 2000-க்குப் பிறகு சில வருஷம், வயசு காரணமா வர்ற குழாய் வளர்ச்சிக்கு டிரையாம்சினோலோன் ஊசியை உலகம் முழுக்கப் போட்டுப் பார்த்தாங்க. தனியாப் போட்டதுல எதிர்பார்த்த பலன் இல்லை. 2006-ல ரானிபிசுமாப் அமெரிக்காவுல அனுமதி பெற்ற பிறகு, வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கிற ஊசிகள்தான் முதல் வரிசைக்கு வந்தது. சர்க்கரையால முளைக்கிற குழாய்க்கு லேசரும் உண்டு. அந்த ஊசிக்கு அடங்காத நீர்க்கோப்பு, மாதாமாதம் வர முடியாத நிலைமை, இப்படிப்பட்ட இடத்துலதான் இன்னைக்கு ஸ்டீராய்டு. அரிசியை விடச் சின்னதா, தானே கரையுற டெக்ஸாமெத்தசோன் குச்சி ஒண்ணு இருக்கு; சில மாதம் மருந்தை விட்டுக்கிட்டே இருக்கும்.

இப்போ முக்கியமான கதைக்கு வர்றேன். தையல் வேலை செய்யுற ஒரு அம்மா. டிரையாம்சினோலோன் ஊசி போட்டு ஒரு மாதத்துல ஊசியில நூல் கோக்க முடிஞ்சுது. சந்தோஷத்துல மறுபடி வரவே இல்லை. அஞ்சு மாதம் கழிச்சு, பக்கவாட்டுல வர்ற ஆளு தெரியலைன்னு வந்தாங்க. கண் அழுத்தம் 38. சாதாரணமா 10-லேர்ந்து 21-க்குள்ள இருக்கணும். "வலிக்கவே இல்லையே டாக்டர்"னு கேட்டாங்க. வலிக்காது, அதுதான் ஆபத்து. நரம்புல போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது; மிச்சத்தைத்தான் காப்பாத்தினோம். தப்பு அவங்களோடது மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எப்போ வரணும்னு சீட்டுல இங்கிலீஷ்ல எழுதியிருந்தது, யாரும் படிச்சுச் சொல்லலை.

ஸ்டீராய்டு ஊசி போட்டவங்கள்ல ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தருக்கு அழுத்தம் ஏறலாம். பெரும்பாலும் சொட்டு மருந்துலயே அடங்கிடும், கண்டுபிடிச்சா! கண்புரையும் சீக்கிரம் வரும், அதுக்கு ஆபரேஷன் இருக்கு. அதனால ஊசிக்கு முன்னாடியே "எங்க வீட்ல கிளாக்கோமா இருக்கு"ன்னா சொல்லிடுங்க. ஊசி போட்ட சில நாள்ல வலி, சிவப்பு, பார்வை சட்டுனு குறையுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே வாங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அது கிருமித் தொற்றா இருக்கலாம்.

கண் சிவந்தா மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடுற சொட்டு மருந்துலயும் ஸ்டீராய்டு இருக்கலாம். அதுவும் இதே வேலையைச் செய்யும். பழைய பாட்டிலைத் தூக்கிப் போடுங்க.

கையில இருக்கிற போனை எடுங்க. ஊசிச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்க. டாக்டர் சொன்ன மறுபரிசோதனைத் தேதிக்கு அலாரம் வையுங்க, மகனோ மகளோ போன்லயும் சேர்த்து வையுங்க. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால ஜன்னல் கம்பியைப் பாருங்க. அப்புறம் அடுத்த கண். கம்பி வளைஞ்சு தெரிஞ்சா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறவங்க, உங்க சிகிச்சை அதுல வருதான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவுலயே முதல்ல விசாரிங்க.

பைக்ல வந்தவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க. சொட்டு மருந்து தெளியுற வரைக்கும் சாவியைக் கூட வந்தவங்ககிட்ட குடுத்துடுங்க. தனியா வந்தவங்க இங்கேயே உட்காருங்க, டீ வருது. சர்க்கரை இல்லாமத்தான்.