போய் வருகிறேன்



ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் நாளன்று, ஏதேனும் ஒரு தொடக்கப் பள்ளியின் வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். புதுச் சட்டையும் புதுப் பையுமாக வந்த குழந்தை, தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு வீறிட்டு அழும். ஒரு குழந்தை அழுதால் போதும். அருகில் நிற்கும் நான்கு குழந்தைகளும் உடன் அழும். வழியே செல்வோர் சிரிப்பர். பெற்றோர் நாணுவர். சிலர் பூச்சாண்டியின் பெயரைச் சொல்லி அச்சுறுத்துவர். அந்த அழுகையின் பொருள் என்ன? அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை எங்களிடம் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். பல வீடுகளில் தம்பியையும் தங்கையையும் பள்ளியில் விட்டுவரும் கடமை அண்ணன்மார்க்கும் அக்காமார்க்குமே வாய்க்கிறது. நானும் அவ்வாறு அழைத்துச் சென்றவன், அதில் தவறியவனுங்கூட.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது என் தங்கையை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். அவளை விட்டுவிட்டு, மணி அடிக்குமுன் நான் என் பள்ளிக்கு ஓட வேண்டும். முதல் நாள், “அதோ பார், வேப்பமரத்தில் அணில்” என்று கை காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் நான் மறைந்துவிட்டேன். என் திறமையை எண்ணி எனக்கே பெருமை!

மறுநாள் அவள் அணிலைப் பார்க்கவில்லை. என் சட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளும் எழுந்தாள். அம்மா கொல்லைப்புறம் சென்றால் பின்னாலேயே ஓடினாள். கண்ணைச் சற்றே திருப்பினால் அன்புடையவர்கள் மறைந்துபோவார்கள் என்ற பாடத்தை, பள்ளிக்கூடம் எதையும் கற்பிக்குமுன் நான் அவளுக்குக் கற்பித்துவிட்டேன்.

பிரிவைக் கண்டு அஞ்சுவது குழந்தையின் குற்றமன்று. எட்டு மாத அளவிலேயே அந்த அச்சம் தோன்றுகிறது. மூன்று வயதளவில் மெல்லத் தணிகிறது. ஆயினும், புதிய இடத்தையும் புதிய முகங்களையும் காணும்போது மீண்டும் தலைதூக்குகிறது.

அழாத குழந்தை துன்பமற்ற குழந்தை என்றும் எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் ஒரு படம் வெளியிட்டார். பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய படம் அது. அவள் ஓயாமல் கதறவில்லை. பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தாள். அந்த அடக்கத்தின் அடியில் இருந்த துயரத்தைப் படம் காட்டியது. நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க இடம் தர வேண்டும் என்று அந்நாட்டு அரசுக் குழு ஒன்று 1959-இல் பரிந்துரைத்தது.

மேரி எயின்ஸ்வொர்த் என்னும் உளநூல் அறிஞர், உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் உற்றுநோக்கியவர். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு வயதுக் குழந்தையைப் புதியதோர் அறையில் விட்டுத் தாய் சில நிமிடம் வெளியே செல்வாள், பிறகு திரும்புவாள். தாய் சென்றபோது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பியபோது அவளை எவ்வாறு வரவேற்றது என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார். ஓடி வந்து அணைத்து, விரைவில் ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாடச் செல்லும் குழந்தையே உறுதியான அன்பில் வளர்வது என்றார். ஆகவே அழுகை தோல்வியன்று. திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையே வேண்டுவது.

அந்த நம்பிக்கையை நான் எவ்வாறு மீட்டேன்? என் தங்கையின் ஆசிரியை வழி சொன்னார்: “தம்பி, சொல்லாமல் ஓடாதே. சொல்லிவிட்டுப் போ. அழுதால் அழட்டும், ஏமாறக் கூடாது.” நாலு மணிக்கு வருவேன் என்றால் குழந்தைக்கு விளங்காது; அதற்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது தெரியும். ஆதலால், “சோறு சாப்பிடுவாய்; பாட்டுப் பாடுவீர்கள்; கடைசி மணி அடிக்கும். அப்போது இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்” என்றேன். என் கைக்குட்டையை அவள் கையில் கொடுத்தேன். பழகிய பொருளொன்று குழந்தைக்குத் தரும் ஆறுதலைக் குழந்தை மருத்துவர் வினிகாட் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருப்பதைப் பிற்காலத்தில்தான் படித்தேன். விடைபெறுவதை நீட்டவும் இல்லை. நீட்ட நீட்ட அழுகையும் நீளும்.

முதல் வாரம் அழுதாள். அடுத்த வாரம் விம்மினாள். ஒருநாள் பந்தாட்டத்தில் மூழ்கி நேரம் மறந்து, மூச்சிரைக்க ஓடினேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஆசிரியையின் கையைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றாள். அழவில்லை. “அண்ணன் வரும் என்று நான் சொன்னேனே” என்று ஆசிரியையைப் பார்த்துக் கூறினாள். அன்று அழுதவன் நான்தான். அதன்பின் ஒருநாளும் நான் பிந்தியதில்லை.

ஒன்று கூற வேண்டும். நான்கு வாரங்களுக்கு மேலும் அழுகை தணியாவிட்டால், காலைதோறும் வயிற்றுவலி, தூக்கமின்மை என்று தொடர்ந்தால், பிடிவாதம் என்று அடிக்கக் கூடாது. பள்ளியில் அஞ்சத்தக்கது ஏதும் உண்டா என்று அன்போடு விசாரிக்க வேண்டும். மருத்துவரையும் நாட வேண்டும்.

நம் வீடுகளில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். செல்லும்போதே திரும்பி வருவேன் என்று வாக்களிக்கும் சொல் அது. பெரியவர்களுக்கு அது வழக்கம். வாயிலில் நிற்கும் சின்னஞ்சிறு குழந்தைக்கோ அதுவே உயிர்ப்பிடி. நாளைக் காலையில் உங்கள் தம்பி தங்கையிடம் அந்தச் சொல்லைக் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். மாலையில் அதனை மெய்யாக்குங்கள்.

போய் வருகிறேன்.