இரண்டு சர்வர் இருந்தால் போதுமா?



1991-ஆம் ஆண்டை மலாக்கா மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றிப்போய், தண்ணீருக்குப் பங்கீடு வந்தது. வீட்டில் ஒரு குழாய் வைத்திருந்தவருக்கும் நான்கு குழாய் வைத்திருந்தவருக்கும் ஒரே கதிதான். பின்னர்தான் ஜுஸ் அணை எழுந்தது.

கணினிக்கும் இதே பாடம்தான். கோலா சுங்கை பாருவில் ஒரு கிளினிக், நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். கணினி நின்றால் மருந்து கொடுப்பதும் நின்றுவிடும். ஆகவே, ஒரு சர்வர் படுத்தால் மற்றொன்று உடனே பொறுப்பேற்கும்படி இரண்டை இணைக்கிறார்கள். இதற்குப் பெயர் கிளஸ்டர். ஆனால், இரண்டும் ஒரே சேமிப்பகத்தை நம்பியிருந்தால்? அது பழைய நீர்த்தேக்கக் கதைதான்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2008 ஜூலை 3-ஆம் தேதி, வன்பொருள் பழுதால் நம் நாட்டுப் பங்குச் சந்தையில் நாள் முழுவதும் வியாபாரம் நடக்கவில்லை. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில், இரண்டு நிறுவனங்களின் தொடர்பு இணைப்புகளும் ஒன்றாகத் தடுமாறின. தகவல் சேமிப்பகம் எட்டாமல் போனது. காலை 11.40-க்கு நின்ற வியாபாரம் மாலை 3.45-க்குத்தான் தொடங்கியது. சென்னையில் மாற்று மையம் இருந்தும் அன்று வேலை அங்கே மாற்றப்படவில்லை.

ஆகவே, வாங்கும் முன்பே கணக்குப் போட வேண்டும். இரண்டு சர்வரும் தலா 70 விழுக்காடு சுமையில் ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 140 விழுக்காடு ஏறும், அதுவும் விழும். எனவே, ஒவ்வொன்றும் பாதிச் சுமைக்குள் இருக்க வேண்டும். பதிவுகள் இரண்டு சேமிப்பகங்களில் ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டும். இரண்டு மின் இணைப்புகளையும் ஒரே சுவிட்சில் செருகக்கூடாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இடையிலுள்ள கேபிள் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டு சர்வரும் நினைத்துக்கொண்டு தனித்தனியே எழுதத் தொடங்கும். பதிவுகள் குழம்பிவிடும். இதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு சிறு கணினி நடுவராக இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு வாக்கு யாருக்கோ, அவரே எழுதலாம்.

இரட்டைப் பதிவு காப்புப் பிரதி ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். தனிப் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கூட்டமில்லாத ஒரு நாளில் ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒத்திகை பார்க்காத ஏற்பாடு, ஆபத்து வேளையில் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது.