ஒத்து ஊதுதல் இழிவன்று!

முதுகுன்றத்துப் பெருமக்களே! பீங்கான் தொழிலில் கைதேர்ந்த உழைப்பாளத் தோழர்களே!

சூளையினின்று எடுத்த கலத்தை விரலாற் சுண்டினால், கீறலற்றது நின்றொலிக்கும். கீறலுற்றது உடனே ஒலியடங்கும். இசைக்கும் அத்தகைய உரைகல் ஒன்றுண்டு. பண்ணின் அடியில் இடையறாது நிற்கும் நிலையொலியே அது. ‘சுருதி’ எனும் வடசொல்லால் இன்று வழங்கும் அதனை எழுப்ப, நாயனக் கலைஞர் வைத்திருந்த கருவியின் பெயர் ‘ஒத்து’. ஒத்திசைப்பதால் ஒத்து. எத்துணை அழகிய தமிழ்ச்சொல்!

ஒத்து, நாயனத்தைப் போன்ற உருவினதே. ஆயின், விரலாற் பண்ணெழுப்பும் துளைகள் அதற்கில்லை. அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் ஒலியை நிலைப்படுத்துவர். ஏழிசையுள் முதலாகிய குரல் ஒன்றே அதில் ஒலிக்கும். ஊதுவோர் கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விட்டவாறே மூக்கால் மூச்சிழுப்பர். ஆதலின் ஒலி அறுவதில்லை.

இளமாணாக்கர் பலர் ஆசான் அருகமர்ந்து ஒத்தூதியே இசை பயின்றனர். இரவு முழுதும் செவியில் விழுந்த பண்களே அவர்தம் பாடநூல்.

பின்னர்த் துருத்தியால் இயங்கும் சுருதிப்பெட்டி வந்தது. 1970-களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுக் கருவியும் உருவாயிற்று. ஓர் ஆளின் கூலி மிஞ்சிற்று, மேடைக்கு எளிதுமாயிற்று. ஆயின், தெருவுலாவில் தவிலின் முழக்கிடையே அச்சிறு பெட்டியின் ஒலி எடுபடுமோ? அதனினும் பேரிழப்பு ஒன்றுண்டு. பெட்டி இசை கற்று நாளை நாயனம் ஏந்தப்போவதில்லை. ஒத்தூதியவன் அமர்ந்த இடத்தில் அடுத்த தலைமுறையன்றோ அமர்ந்திருந்தது!

முதுகுன்றம் ‘விருத்தாசலம்’ என மொழிபெயர்க்கப்பெற்று, மூலப்பெயர் மறைந்தது. ஒத்தும் அவ்வாறே பெட்டிக்குள் மறைகின்றது. எஞ்சியதோ, ‘அவனுக்கு இவன் ஒத்தூதுகிறான்’ எனும் ஏச்சு மட்டுமே! அதுவும் பிழையான ஏச்சு. நாயனம் எத்துணை உயரப் பறந்தாலும், ஒத்தின் நிலைக்கே மீண்டு வந்து அடைதல் வேண்டும். ஒத்தூதுவோன் பிறர்க்கு வளைபவனல்லன். அனைவரும் அலையும்போதும் அசையாது நிற்பவன்.

நரசிங்கம்பேட்டை நாயனத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. ஆயின், கருவிக்குப் பெருமை தந்து, அதன் துணையைக் கைவிடுதல் முறையாமோ?

மணவிழாவிற்கும் திருவிழாவிற்கும் நாயனக் குழுவை அமர்த்துவோரே! ஒத்தூத ஓர் இளைஞனையும் உடனழைத்து வரச் சொல்லுங்கள். அவனுக்குரிய கூலியையும் சேர்த்தே கொடுங்கள். தமிழிசை வாழ்க எனும் முழக்கத்தினும் அக்கூலியே தமிழிசையை வாழ்விக்கும்!