எபிசோட் 27: மைனஸ் 10-ல் சைக்கிள்

(ஒலி வடிவத்திலிருந்து எழுதி, சற்றே சுருக்கப்பட்டது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நவம்பர் வந்தாச்சு. இங்க டொரொன்டோவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளியாச்சு. இனி ஆபீஸ் முடிஞ்சு வெளிய வந்தா இருட்டுதான். டிசம்பர்ல அஞ்சு மணி ஆகுறதுக்கு முன்னாடியே சூரியன் கிளம்பிடும். ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்துல எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "சைக்கிளை எப்போ உள்ள தூக்கி வைக்கப் போறீங்க?"

வைக்கப் போறதில்லை. இது எனக்கு இங்க அஞ்சாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்துல வச்சேன். அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அது இல்லாம மிச்சத்தைச் சொன்னா ஏதோ சாகசம் மாதிரி கேக்கும்.

நான் திருச்சி. 2021 செப்டம்பர்ல இங்க வந்தேன். வந்த ரெண்டாவது வாரமே ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கிட்டேன். டான்ஃபோர்த் பக்கம் ஒரு பேஸ்மெண்ட் வீடு, பே ஸ்ட்ரீட் பக்கம் வேலை, 8 கிலோமீட்டர். டான்ஃபோர்த்திலிருந்து ப்ளூர் வரைக்கும் சைக்கிளுக்குன்னு தனிப் பாதை. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. சொர்க்கம்னு நினைச்சேன். நவம்பர் கடைசியில முதல் பனி விழுந்தது. எல்லாரும் செய்றதை நானும் செஞ்சேன். சைக்கிளைத் துடைச்சு, போர்வையைப் போத்தி, ஹீட்டர் ரூம்ல நிறுத்தி, "ஏப்ரல்ல பாப்போம்"னு சொல்லிட்டேன்.

அப்புறம் நாலு மாசம் என்ன நடந்துச்சு? ஒண்ணுமே நடக்கலை. அதுதான் பிரச்சனை. சப்வே, நாற்காலி, சப்வே, சோஃபா. வாரக் கடைசியில யாராவது ஸ்கார்பரோ போனா மட்டன் ரோல்ஸ் ஒரு டஜன். ஏப்ரல்ல வழக்கமான ரத்தப் பரிசோதனை. மூணு மாசச் சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 6.3. இந்த நாட்டுக் கணக்குல 6.0 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய கட்டம், 6.5 வந்துட்டா சர்க்கரைதான். எனக்கு அப்போ வயசு 28.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகப் போகுது. 2019-ல வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க. புண்ணு வந்ததே அம்மாவுக்குத் தெரியலை, கால் மரத்துப் போயிருந்துச்சு. ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நான்தான் உக்காந்திருந்தேன். அந்த 6.3-ஐப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த வராண்டாதான்.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

நான் ரெண்டு வகைச் செய்தியைப் படிச்சேன், ரெண்டும் வேற வேற பக்கம் இழுத்தது. ஒண்ணு சைக்கிள் ஓட்டுறவங்க பேசுற ஃபிட்னஸ். அதுல நல்ல செய்தி இருக்கு. எட்வர்ட் கோய்ல்னு ஒரு விஞ்ஞானியும் அவர் குழுவும் 1984-ல வெளியிட்ட ஆய்வுல, நல்லாப் பயிற்சி எடுத்தவங்களை 84 நாள் சும்மா இருக்கச் சொல்லிப் பாத்தாங்க. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்துற உச்ச அளவு முதல் மூணு வாரத்துல சுமார் 7% குறைஞ்சது. எட்டு வாரத்துல 16% வரை போய் அங்கேயே நின்னுடுச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது ராபர்ட் ஹிக்சன் 1980கள்ல செஞ்ச வேலை. வாரத்துல ஆறு நாள் பயிற்சி எடுத்தவங்க ரெண்டே நாளாக் குறைச்சாங்க. ஆனா அந்த ரெண்டு நாள்ல முன்ன மாதிரியே மூச்சு வாங்க ஓட்டினாங்க. பதினஞ்சு வாரம் கழிச்சும் அந்த உச்ச அளவு விழலை. வேகத்தைக் குறைச்சுப் பாத்தப்போ விழுந்துச்சு. அதாவது குளிர்காலத்துல நேரத்தை வெட்டலாம், அழுத்தத்தை வெட்டக் கூடாது. வாரத்துக்கு ரெண்டு தடவை மூச்சு முட்ட ஓட்டினாப் போதும், மார்ச்ல நீங்க விட்ட இடத்துலயே இருப்பீங்க.

ரெண்டாவது செய்தி சர்க்கரை பத்தினது. அது இவ்வளவு பொறுமையா இருக்காது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்துல இருக்குற குளுக்கோஸை உள்ள இழுத்துக்கும். ஓட்டி முடிச்ச பிறகும் இன்சுலின் கொஞ்சம் நல்லா வேலை செய்யும். ஆனா அந்தப் பலன் ஒரு நாள், ரெண்டு நாள்தான் நிக்கும். அதனாலதான் சர்க்கரை உள்ளவங்களுக்கு, உடற்பயிற்சி இல்லாம தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல விடாதீங்கன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மிச்ச ஆறு நாள் படுத்திருந்தா நுரையீரலுக்குப் பெருமை. புதன்கிழமை சாப்பிடுற சோத்துக்கு அதனால பெருசா பிரயோஜனம் இல்லை.

(இடையில ஒரு வார்த்தை: ஏற்கெனவே இன்சுலினோ மாத்திரையோ எடுக்குறவங்க, புதுசா கடினமா ஓட்ட ஆரம்பிக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க. சர்க்கரை சட்டுனு இறங்கலாம். பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் எப்பவும் இருக்கட்டும்.)

ஆக, என்னோட விதி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி விடக் கூடாது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எதுவும் அப்புறம்தான். அதுல வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் மூச்சு வாங்கணும். விதி சின்னதா இருந்தாத்தான் மைனஸ் 10-ல காலைல ஆறரை மணிக்கு ஞாபகம் இருக்கும்.

குளிரைப் பத்தி நம்ம ஊர்ல இருக்குற பயம் வேற மாதிரி. அம்மா ஃபோன்ல, "பனியில எதுக்குடி சைக்கிளு, காய்ச்சல் வந்துடும்"னு திட்டுவாங்க. உண்மையில பெரிய தொல்லை வியர்வைதான். கனமா ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்புவீங்க, மூணாவது கிலோமீட்டர்ல உள்ள நனைஞ்சுடும், சிக்னல்ல நிக்கும்போது அந்த ஈரம் அப்படியே ஐஸ் மாதிரி ஒட்டும். வாசல்ல நிக்கும்போது லேசா நடுங்கணும். நடுங்கலைன்னா ஒரு சட்டை அதிகம். உள்ள கம்பளிப் பனியன், பருத்தி வேண்டவே வேண்டாம். அதுக்கு மேல மெல்லிசா ஒண்ணு, வெளிய காத்தைத் தடுக்குற ஜாக்கெட். அவ்வளவுதான். மூக்கையும் வாயையும் மூட ஒரு கழுத்துத் துணி. காத்து அதுக்குள்ள கொஞ்சம் சூடாகி ஈரமாகி உள்ள போகும், இல்லைன்னா நெஞ்சு பிடிச்சுக்கிட்டு இருமல் வரும்.

கை கால்தான் முதல்ல சாகும். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாத்த, விரலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுடும். அஞ்சு விரல் கையுறையை விட விரல் எல்லாம் சேர்ந்து இருக்குற மிட்டன் நல்லது. ஹேண்டில்பாரிலேயே மாட்டி வைக்கிற பெரிய உறை இருக்கு, பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா அதுக்குள்ள கை அடுப்பங்கரையில இருக்குற மாதிரி இருக்கும். ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் திணிக்காதீங்க. இறுக்கமானா ரத்தம் ஓடாது, இன்னும் ஜில்லுனு ஆகும். எனக்கு இந்தக் கால் விஷயத்துல கொஞ்சம் பைத்தியம்னு வச்சுக்கோங்க. தினமும் வீட்டுக்கு வந்ததும் லைட் போட்டு விரல் விரலாப் பாப்பேன்.

வண்டிக்கு வர்றேன். ஆணி டயர் வாங்குங்க. அதாவது ரப்பர்ல குட்டிக் குட்டி உலோக முனை பதிச்ச டயர். காஞ்ச ரோட்டுல பஜ்ஜி பொரியிற மாதிரி சத்தம் வரும், ஐஸ்ல அதுதான் உங்களைப் பிடிக்கும். காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிங்க. நல்ல வண்டியைக் குளிர்ல எடுக்காதீங்க. ரோட்டுல கொட்டுற உப்பு செயினை ஒரே மாசத்துல துருவாக்கிடும். ஒரு பழைய வண்டி, வாரத்துக்கு ரெண்டு தடவை செயினைத் துடைச்சு எண்ணெய் போட்டாப் போதும். ஒரு தடவை பின்சக்கரத்துக்குள்ள கிரீஸ் கெட்டியாகி, பெடல் சுத்துது, வண்டி நகரலை. வீட்டுக்கார அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், பனி தள்ளிக்கிட்டு நின்னவர் என்னையே பாத்துட்டு, "என்ன பிள்ளை, சைக்கிளும் வேண்டாம் எண்டு சொல்லுது போல"ன்னார்.

இப்போ அந்தப் பாலம்.

டான்ஃபோர்த்தையும் ப்ளூரையும் இணைக்கிறது டான் பள்ளத்தாக்குக்கு மேல போற பிரின்ஸ் எட்வர்ட் வயடக்ட். 1918-ல திறந்த பாலம். சுத்தி இருக்குற ரோடு வெறும் ஈரமா இருக்கும்போதே பாலம் உறைஞ்சுடும். ரோட்டுக்குக் கீழ மண்ணோட சூடு இருக்கு, பாலத்துக்குக் கீழயும் காத்துதானே. எனக்கு இது தெரியும், படிச்சிருக்கேன். இருந்தும் 2023 ஜனவரியில ஒரு காலையில, மைனஸ் 2, நடுக்கும் குளிர் கூட இல்லை, பழைய டயரோடயே போயிட்டேன். ஆணி டயர் வாங்கியாச்சு, மாட்டலை. "இன்னைக்குப் பனி இல்லையே"ங்கிற சோம்பேறித்தனம். பாலத்து நடுவுல தண்ணி மாதிரி தெரிஞ்சது, தண்ணி இல்லை. பிரேக்கைத் தொட்டேன். அவ்வளவுதான் ஞாபகம். இடது மணிக்கட்டுல கீறல் முறிவு. ஆறு வாரம் கட்டு.

கண்ணாடி ஐஸ் மேல ஏறிட்டீங்கன்னா பிரேக் பிடிக்காதீங்க, திருப்பாதீங்க. ஹேண்டிலை நேரா வச்சு, பெடலை விட்டுட்டு, அது தானா தாண்டட்டும். எனக்கு இதைச் சொல்ற உரிமை இருக்கு.

அந்த ஆறு வாரம்தான் எனக்கு நிஜமான பரீட்சை. கட்டுப் போட்ட கை, வெளிய போக முடியாது. டாக்டர் சரின்னு சொன்னதும் சைக்கிளை ஒரு ட்ரெய்னர்ல மாட்டி, பேஸ்மெண்ட்ல ஒத்தைக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன். செவ்வாய், வியாழன் கடினம்: நாலு நிமிஷம் பேச முடியாத வேகம், மூணு நிமிஷம் மெதுவா, நாலு தடவை. மிச்ச நாள் இருபது நிமிஷம் சும்மா. ஸ்விஃப்ட் மாதிரி ஆப் போட்டுக் கற்பனைத் தீவுல ஓட்டலாம், நான் பழைய வடிவேலு காமெடி போட்டேன். கண்டிப்பா ஒரு ஃபேன் வேணும். வெளிய மைனஸ் 15, உள்ள நான் ஃபேனைப் போட்டு வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தேன். அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "நகராத சைக்கிளை எதுக்குடி இப்படி மிதிக்கிறே"ன்னாங்க. பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஏப்ரல்ல டெஸ்ட். 5.9. பெரிய வெற்றின்னு சொல்ல மாட்டேன். சோத்தைக் குறைச்சதும் அதுல இருக்கு, ரோல்ஸை நிறுத்தினதும் இருக்கு. சைக்கிள் மட்டுமே செஞ்சதுன்னு சொன்னா பொய்.

கை சரியானதும் பயம் சரியாகலை. அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பாலம் வந்தாலே தோள் இறுகிடும், மூச்சை அடக்கிக்குவேன். மார்ச் முழுக்க பாலம் வரைக்கும் ஓட்டி, இறங்கி, நடைபாதையில தள்ளிக்கிட்டே போய், அந்தப் பக்கம் ஏறினேன். வெக்கமா இருந்துச்சு. ஆனா ரெண்டு நாள் விதி உடையலை, அதனால பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

இன்னைக்கும் ஓட்டாத நாள் இருக்கு. உறைமழை பெய்ற நாள், அதாவது மழையா விழுந்து தரையில பட்டதும் ஐஸ் ஆகுறது, அன்னைக்கு எந்த டயரும் வேண்டாம். காத்தோட சேர்த்து மைனஸ் 25-னு வானிலை சொன்னா போக மாட்டேன். 2025 பிப்ரவரியில அடுத்தடுத்துப் பனிப்புயல் வந்தப்போ சைக்கிள் பாதை பல இடத்துல பனிக் குவியலுக்கு அடியில போயிடுச்சு. அந்த வாரம் அங்கிளோட சேர்ந்து வாசல்ல பனி அள்ளினேன். ஒரு மணி நேரம் ஈரப் பனி அள்ளிப் பாருங்க, நாலு நிமிஷ இன்டர்வெல் எல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது. அதையும் கணக்குல சேத்துக்கிட்டேன். அப்படி நாள்கள்ல சப்வே. இதுல ஒரு வேடிக்கை, அந்தப் பாலத்தோட கீழ்த்தட்டுலதான் சப்வே போகுது. விழுந்த இடத்துக்கு நேர் கீழ ரயில்ல உக்காந்து, சூடா ஃபிளாஸ்க்ல ரசம் குடிச்சுக்கிட்டுப் போவேன். குளிர்ல தாகமே தெரியாது, அதனால ரசம். பாட்டில் தண்ணி பாதி வழியில உறைஞ்சுடும்.

போன வாரம் அம்மா ஃபோன் பண்ணினாங்க. நான் ஒண்ணும் கேக்கலை, அவங்களாவே சொன்னாங்க, சாப்பாட்டுக்கப்புறம் மொட்டை மாடியில பதினஞ்சு நிமிஷம் நடக்குறாங்களாம், செருப்பு போட்டுக்கிட்டு. "ரெண்டு நாளைக்கு மேல விடக் கூடாதுன்னு நீதானேடி சொன்னே"ன்னாங்க. நான் அவங்ககிட்ட சொன்னதா ஞாபகமே இல்லை. இந்த நிகழ்ச்சியைக் கேக்குறாங்க போல.

அம்மா, கேக்குறீங்கன்னா: செருப்பு இல்லை, நான் அனுப்பின ஷூ. சாக்ஸோட.

நாளைக்குக் காலையில முதல் உறைபனின்னு வானிலை சொல்லுது. ஆணி டயர் இந்த வருஷம் ஞாயித்துக்கிழமையே மாட்டியாச்சு. அடுத்த எபிசோட்ல பாப்போம்.